சாம்பிள்

துளசிமணி,
செக்கிங் மேசையில் என் இடப்பக்கம்
பதினோரு வருஷம் நிற்கிறவளே,
நேற்று டீ நேரத்தில் மடித்த சீட்டை நீட்டி
"ஏனுங்க்கா, கர்ப்பப்பையில பிச்சு எடுப்பாங்களாமா?"
என்றாய்.
அதற்குள் பெல் அடித்துவிட்டது.

பிச்சு எடுப்பதில்லை.
ரோல் வந்ததும் ஜிஎஸ்எம் பார்க்க
கட்டரை வைத்துத் திருகி
வட்டமாய் ஒரு துண்டு வெட்டுவான் பார்,
அவ்வளவு பெரிதுகூட இல்லை.
நகத்தில் ஒட்டின பஞ்சளவு.
துணி கெட்டுப்போச்சு என்று எவனும் வெட்டுவதில்லை,
தெரியாததால்தான் வெட்டுகிறான்.

எனக்கு நின்று மூன்று வருஷம் கழித்து
ஆடியில் ஒரு நாள், பாவாடையில் ஒரு பொட்டு.
சூடு என்றேன்.
வெந்தயம் ஊறப்போட்டேன், இளநீர் குடித்தேன்.
புரட்டாசியில் மறுபடி.
மருமகள் பார்க்கும் முன்னே அலசிக் காயப்போட்டேன்.
இதில் வெட்கப்பட ஏதாவது உண்டென்றால்
அந்த இரண்டு மாசம்தான்.

பெருந்துறை டாக்டரம்மா சொன்னது இது:
"நின்ன பொறகு வந்தா பாத்தே ஆகோணுங்க.
முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது.
பாக்காம அதை நான் சொல்ல முடியாது."

உனக்கு இன்னும் அப்பப்போ வருகிறது.
நாள் தள்ளியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடு.
நாற்பத்தாறில் என்னக்கா என்று சிரிக்காதே,
அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.
இரத்தம் உறையாமலிருக்க நீ போடுகிற
அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையையும் மறைக்காதே,
நீயாக நிறுத்தியும் வைக்காதே.
முன்கூட்டி வலி மாத்திரை போடலாமா,
மரத்துப்போக மருந்து உண்டா, கேள்.
நான் கேட்கவில்லை.

கால் வைக்கக் கம்பி. குளிர்ந்த இரும்பு.
உறிஞ்சுகுழல்போல் மெலிசாய் ஒரு குழாய்.
மேலே ஃபேனில் ஒரு இறக்கை வளைந்திருந்தது,
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ஒரு இழுப்பு.
வலிக்கவே வலிக்காது என்கிறவளை நம்பாதே.
அவளுக்கு வலித்திருக்காது, அவ்வளவுதான்.
எனக்கு முதல் நாள் வயிற்றுவலி மொத்தமும்
இரண்டு நிமிஷத்துக்குள் வந்து போனது.
ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன்.
"இன்னொண்ணும் சொல்லிக்குங்க்கா" என்றாள்
பொங்கலூர்க்கார நர்ஸ்.
நிறுத்துங்க என்றேன். நிறுத்தினார்கள்.
மூச்சு வாங்கிக்கொண்டு, ம் என்றேன்.
நிறுத்தச் சொல்லலாம் துளசி,
யாரும் நமக்குச் சொல்லித் தராத வார்த்தை அது.

எழுந்ததும் நடக்காதே, தலை சுற்றும்.
நாலைந்து நாள் லேசாய்ப் படும், நாப்கின் போதும்.
உன் வீட்டுக்காரரிடம் சொல்,
டாக்டர் சொல்லும்வரை தள்ளிப் படுக்கட்டும்.
காய்ச்சல் வந்தாலோ, வாடை அடித்தாலோ,
மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ
ஷிப்மெண்ட் முடியட்டும் என்று இருந்துவிடாதே.

ரிசல்ட்டுக்குப் பத்து நாள்.
அதற்கு மட்டும் மரத்துப்போக மருந்து கிடையாது.
ஓட்டை பனியனை நல்ல கட்டில் போட்டு
சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேனே, அந்த வாரம்தான்.

பதினோராம் நாள் காகிதத்தில் இருந்தது:
சாம்பிள் பத்தாது.
நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.
பையர் திருப்பி அனுப்புகிற மாதிரி.
சிலருக்கு அப்படி வருமாம், மறுபடி போகோணுமாம்.

போகவில்லை.
தீபாவளி போனஸ் ஆகட்டும் என்றேன்,
பேத்தி காதுகுத்து முடியட்டும் என்றேன்.
அந்தக் காகிதம் டிபன் பையின் சைடு ஜிப்பில்
குழம்புக் கறையோடு இருக்கிறது.
நேற்று உன் சீட்டைப் பார்க்கும்போது
என் கை அந்த ஜிப்பின் மேல்தான் இருந்தது.

உனக்குச் செவ்வாய்தானே.
எனக்கும் அன்றைக்கே கிடைக்குமா என்று போன் போடுகிறேன்.
ஊத்துக்குளி வழி பஸ், ஏழே கால்.
ஜன்னலோரம் எனக்கு.